குட்டி தருகிறேன் என்றால் எந்தக் குட்டி?

கேள்வி: தோட்டத்தில் இரண்டு லாப்ரடார் பெட்டைகள் வளர்க்கிறேன். மூத்ததற்கு ஆறு வயது. அதன் மகள் ஒன்றைத் தோட்டத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கடைசியாக ஒரு முறை சினைக்கு விட்டேன். ஆண் நாய் நண்பருடையது. "பணம் வேண்டாம், ஒரு குட்டி கொடுத்தால் போதும்" என்றார், சரி என்றேன். எழுத்தில் எதுவும் இல்லை. நான்கு குட்டிகள் பிறந்தன. முதல் வாரத்திலேயே இரண்டு இறந்துவிட்டன. மிஞ்சியவை ஓர் ஆண், ஒரு பெண். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. நண்பர் பெண் குட்டிதான் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்கிறார். கொடுக்கும்வரை, இன நாய்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப்பின் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டாராம். இறந்த இரண்டில் ஒன்றை அவர் பங்காகக் கணக்கிட முடியாதா? இளைய பெட்டையும் சில மாதங்களில் பருவத்துக்கு வந்துவிடும். அதற்காவது ஒப்பந்தத்தை முறையாக எழுதுவது எப்படி?

பதில்: இறந்த குட்டியை அவர் கணக்கில் எழுத முடியாது. ஒரு குட்டி தருகிறேன் என்றால், உயிரோடு, தாயைப் பிரிந்து வாழக்கூடிய வயதில் ஒரு குட்டி என்றுதான் யாரும் பொருள்கொள்வார்கள். செத்ததெல்லாம் எதிராளியின் பங்கு, பிழைத்ததெல்லாம் என் பங்கு என்ற கணக்கைப் பெட்டை வளர்ப்பவர்கள் பலர் போட்டுப் பார்க்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்ட ஆண் நாய்க்காரர் எவரையும் நான் பார்த்ததில்லை. நண்பருக்கு நீங்கள் ஒரு குட்டி கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஆனால் எந்தக் குட்டி, எந்த நாளில் என்ற இரண்டும் உங்கள் பேச்சில் இடம்பெறவில்லை. ஆகவே "பெண்தான், இப்போதே" என்று அவர் கேட்பதும் உரிமை ஆகாது. பெரிய ஈற்றாக இருந்திருந்தால் இந்தக் குறை வெளியே தெரிந்தே இருக்காது. எட்டுக் குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருப்பார். உங்களுக்கும் ஒரு பெண் குட்டி கிடைத்திருக்கும். ஈற்று சிறுத்துப்போகும்போதுதான் பேசாமல் விட்டதெல்லாம் சண்டையாக வந்து நிற்கிறது.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் வாரத்துக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும். வாரம் என்றால் களத்துக்கு வந்து சேர்ந்ததில் பங்கு. களம் காலி என்றால் இருவர் கையும் காலி. ஆண் நாய்க்குப் பணமாகக் கொடுக்கும் கட்டணம் குத்தகை போன்றது. இணை சேர்த்து முடித்ததும் அவருடைய வேலை முடிந்தது, பணம் அவருடையது. குட்டி ஒன்றா பத்தா என்பது உங்கள் பாடு. கட்டணத்துக்குப் பதிலாகக் குட்டி என்று பேசினால் அது வாரம். ஈற்றின் நட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. உங்கள் நண்பர் வாரம் பேசிவிட்டுக் குத்தகைக்காரரைப் போல நடந்துகொள்கிறார். நீங்களோ நட்டம் முழுவதையும் அவர் பக்கம் தள்ளப் பார்க்கிறீர்கள். இருவரும் பாதிப் பாதி தவறு.

இதெல்லாம் என் சொந்தத் தத்துவம் அல்ல. எஃப்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு 1911-இல் தொடங்கப்பட்டது. பெல்ஜியத்தில் துயான் என்ற ஊரில் அதன் தலைமையகம் இருக்கிறது. அதன் இனப்பெருக்க விதிகளும் இதே போக்கில்தான் போகின்றன. முறையாக இணை சேர்ந்துவிட்டால் ஆண் நாயின் உரிமையாளருக்குக் கட்டணம் உண்டு. பெட்டை சினை பிடிக்காவிட்டால், அடுத்த பருவத்தில் ஒரு முறை இலவசமாகச் சேர்த்துத் தரலாம் அல்லது கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம். எது என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும். ஆண் நாய்க்கு அந்த நேரத்தில் கருவுறச் செய்யும் திறனே இல்லை என்று விந்துப் பரிசோதனையில் உறுதியானால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கட்டணத்துக்குப் பதில் குட்டி என்றால், இணை சேர்ப்பதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டியவை என்று சிலவற்றை அந்த விதிகள் தனியாகச் சொல்கின்றன. ஆண் நாய்க்காரர் எப்போது குட்டியைத் தேர்ந்தெடுப்பார், எப்போது எடுத்துச் செல்வார், எந்த நாளுக்குப் பிறகு அவருடைய தேர்வுரிமை காலாவதியாகும், போக்குவரத்துச் செலவு யாருடையது. குட்டிகள் எல்லாம் இறந்தே பிறந்தால், ஒன்று மட்டும் பிழைத்தால், தேர்ந்தெடுத்த குட்டி எடுத்துச் செல்லும் முன் இறந்தால் என்ன செய்வது. உங்கள் வழக்கில் இன்று புகைந்துகொண்டிருப்பது ஏறக்குறைய முழுவதும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் கென்னல் கிளப்புக்கென்று தனி விதிகள் இருந்தால் அவற்றையும் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் சிக்கலுக்கு வருவோம். நண்பர் எதற்காகப் பெண் குட்டியைக் கேட்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். விற்பதற்காக என்றால் காரியம் எளிது: அவர் வழக்கமாக வாங்கும் கட்டணத்தைப் பணமாகக் கொடுத்துவிட்டு இரண்டு குட்டிகளையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது ஆண் குட்டியோடு கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுக்கலாம். தன் நாயின் வழியில் ஒரு பெண்ணை வளர்க்க விரும்புகிறார் என்றால், இந்தக் குட்டியை நீங்கள் வைத்துக்கொண்டு, இளைய பெட்டையின் அடுத்த ஈற்றுக்கு அவருடைய நாயையே பயன்படுத்தி, அதில் முதல் தேர்வாகப் பெண் குட்டியை அவருக்குத் தருவதாக எழுதிக் கொடுங்கள். இளையது மூத்ததன் மகளாகவே இருந்தாலும் அவருடைய நாய்க்குப் பிறந்ததாக இல்லாதவரை இதில் தடையில்லை. மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம்: இந்தக் குட்டியை வளர்த்துப் பிற்காலத்தில் தன் ஆண் நாயோடேயே சேர்க்க நினைக்கலாம். அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டிகளில் உள்ளினச்சேர்க்கைக் குணகம், அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, குறைந்தது 25 சதவீதம். மறைந்திருக்கும் பரம்பரை நோய்கள் வெளியே வருவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. பிரிட்டனின் கென்னல் கிளப் 2009 முதல் இத்தகைய ஈற்றுகளைப் பொதுவாகப் பதிவு செய்வதே இல்லை. அவருடைய எண்ணம் இதுவாக இருந்தால் நட்பின் உரிமையிலேயே மறுத்துவிடலாம்.

கட்டணம் பணமாக, ஆண் குட்டியோடு பணம், அடுத்த ஈற்றில் பெண் குட்டி என்ற மூன்று வழிகளும் ஒத்துவராவிட்டால் என் தீர்ப்பு உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும். ஏனென்றால், மகளை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஈற்றே நடந்தது. தாய்க்கு இன்னொரு ஈற்றும் இல்லை. அவருடைய ஆண் நாய்க்கு இன்னும் எத்தனையோ மகள்கள் பிறக்கலாம். ஆனால் இந்த நோக்கத்தை இணை சேர்ப்பதற்கு முன் நீங்கள் அவரிடம் சொன்னீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியிருந்தால் உங்கள் வாதம் வலுவானது. சொல்லாவிட்டால் அவருக்கு ஈடாகக் கொடுப்பதில் தாராளமாக இருங்கள்.

"இப்போதே" என்பதற்கு ஒரே பதில், முடியாது. ஐந்து வாரக் குட்டியைத் தாயிடமிருந்தும் கூடப் பிறந்ததிடமிருந்தும் பிரிக்கக் கூடாது. கடியின் அளவு, விட்டுக்கொடுத்து விளையாடுவது எல்லாம் இந்த வாரங்களில் உடன்பிறப்போடு புரண்டுதான் கற்றுக்கொள்கிறது. எட்டு வாரம் முடியட்டும். இதை யார் வந்து கேட்டாலும் இறங்கிப் போகாதீர்கள்.

கையெழுத்து விஷயத்தில் நண்பரை முழுவதும் குறைசொல்ல மாட்டேன். பாக்கி தீரும்வரை ஈற்றுப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடாமல் வைத்திருப்பது ஆண் நாய்க்காரர்கள் பலர் செய்வதுதான். அவர்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அது. ஆனால் அந்தப் படிவம், இந்த நாய்தான் தந்தை என்ற உண்மைக்குச் சாட்சி. கடன் பத்திரம் அல்ல. பதிவுக்குக் காலக்கெடு உண்டு, தாண்டினால் அபராதமோ மறுப்போ வரலாம். தாமதத்தால் அவருடைய பங்குக் குட்டிக்கும் வம்சாவளிச் சான்று கிடைக்காது என்பதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் எடுத்துக்கொள்ளப்போவது இன்னது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்ட கையோடு படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இனி இளைய பெட்டைக்கான ஒப்பந்தம். நீளமாக எழுத வேண்டும் என்பதில்லை, இரண்டு பக்கம் போதும். ஆனால் பெட்டை பருவத்துக்கு வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பருவம் வந்த பிறகு உங்களுக்கு அவசரம் வந்துவிடும். அவசரப்படுகிறவர் எதற்கும் தலையாட்டுவார்.

முதல் வரி நாய்களின் உடல்நலம் பற்றியது. புருசெல்லா கேனிஸ் என்ற நுண்ணுயிருக்கு இரு நாய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, முடிவைக் காட்டிக்கொண்ட பிறகுதான் சேர்க்க வேண்டும். இது வந்தால் ஏறக்குறைய 45 நாளுக்கு மேல் கரு கலையும், குட்டிகள் இறந்து பிறக்கும், ஆண் நாய் மலடாகும். மருந்தால் முழுவதும் ஒழித்துவிட்டோம் என்று நம்ப முடியாத நோய். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கையால் எடுக்கும் மனிதருக்கும் தொற்றும். ஆண் நாய் பல பெட்டைகளைச் சேர்வதால் ஒன்றிடமிருந்து வாங்கிப் பத்துக்குக் கொடுக்கும். சான்று காட்டத் தயங்குகிறவரின் நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். லாப்ரடார் என்பதால் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்-ரே முடிவுகளையும் கண் பரிசோதனையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. இரத்தம் கண்டதிலிருந்து 11-ஆம் நாள், 13-ஆம் நாள் என்று விரல்விட்டு எண்ணிச் சேர்ப்பதுதான் வழக்கம். சினை பிடிக்காமல் போவதற்கு முதல் காரணமும் அதுதான். பெட்டைக்குப் பெட்டை, ஏன், ஒரே பெட்டைக்கே பருவத்துக்குப் பருவம் அந்த நாள் மாறும். இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் கருமுட்டை வெளிவரும் நாள் ஓரளவு துல்லியமாகத் தெரியும்: மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் அளவில் ஏறத் தொடங்கி, 5-ஐத் தாண்டும்போது முட்டை வெளிவரும். நாயின் முட்டை முதிராமல்தான் வெளிவருகிறது. முதிர இன்னும் இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே அந்த இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பது சிறந்தது. இந்தப் பரிசோதனைச் செலவு பெட்டைக்காரருடையது என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் கொண்டுவந்து, சினை பிடிக்கவில்லை என்று பிறகு முறையிடுவதை ஆண் நாய்க்காரர் ஏற்கத் தேவையில்லை என்பதையும் எழுதலாம். அவருக்கும் நியாயம் வேண்டுமல்லவா.

"இணை சேர்ந்தது" என்றால் எது என்பதிலும் தகராறு வரும். பூட்டு விழுந்ததைத்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆண் நாய் ஏறி, உள்ளே வீங்கிப் பூட்டிக்கொண்டதும், ஒரு காலைத் தூக்கித் திரும்பி, இரண்டும் பின்புறம் ஒட்ட எதிரெதிர்த் திசையில் முகம் வைத்து நிற்கும். பத்து நிமிடமோ இருபது நிமிடமோ, சில நேரம் அரைமணி. பெட்டை பதறி உட்காரப் பார்க்கும், இழுக்கும். ஆண் நாய்க்குக் காயம் படாமலிருக்க இரு தரப்பும் ஆளுக்கொரு கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். அப்போது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தேதி, தொடங்கிய நேரம், விலகிய நேரம் மூன்றையும் ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பூட்டு விழாமலும் சினை பிடிப்பதுண்டு. ஆனால் பணம் பேசுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். 48 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை சேர்ப்பதும் அதே கட்டணத்துக்குள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இயற்கையாகச் சேராவிட்டால் செயற்கைக் கருவூட்டல் உண்டா, உண்டென்றால் கால்நடை மருத்துவர் கட்டணம் யாருடையது என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்.

சினை பிடிக்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? சேர்ந்த 28-ஆம் நாளையொட்டி ஸ்கேன் எடுத்து அறிக்கையை அனுப்புவது என்று வையுங்கள். அந்த வயதில் கருக்கள் இதயத் துடிப்போடு தெரியும். எண்ணிக்கையை மட்டும் ஸ்கேனில் நம்பாதீர்கள்; தவறும். தெரிந்த கருக்களில் சில அதற்குப் பிறகும் தாயின் உடலிலேயே கரைந்து போவதுண்டு, வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஐந்து கரு கண்டேன், மூன்றுதான் பிறந்தது, இரண்டை மறைத்துவிட்டார் என்று ஆண் நாய்க்காரர் சொல்லும் குற்றச்சாட்டு பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். எலும்பு நன்கு கெட்டிப்பட்ட பிறகு, 55-ஆம் நாளுக்கு மேல் எடுக்கும் எக்ஸ்-ரேயில் மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணலாம். மறைக்கும் பேச்சு எழாமலிருக்க அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். முட்டை வெளிவந்த நாள் தெரிந்திருந்தால் குட்டி ஈன 63 நாள் என்று கணக்கு வைக்கலாம்; சேர்ந்த நாளிலிருந்து மட்டும் எண்ணினால் 57 முதல் 72 வரை எங்கேயும் நிற்கலாம்.

சினை பிடிக்காததற்கு ஆண் நாயும் காரணமாகலாம். விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 60 நாள் ஆகும். கடும் காய்ச்சல் கண்ட ஆண் நாய், பார்வைக்குத் தேறிய பிறகும் இரண்டு மாதம்வரை பலவீனமாக இருக்கலாம். எனவே ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் விந்துப் பரிசோதனைக்கு ஆண் நாய்க்காரர் இணங்க வேண்டும் என்ற வரி உங்களுக்குப் பாதுகாப்பு. இலவச மறுசேர்க்கை எந்தப் பருவம்வரை செல்லும், ஆண் நாய் இறந்தாலோ விற்கப்பட்டாலோ என்ன என்பதையும் விடாதீர்கள்.

எந்த நாளில் குட்டிகளை எண்ணுவது என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். பிறந்த அன்று எண்ணினால் உங்களுக்கு நட்டம். எட்டாவது வாரத்தில் எண்ணினால், இடையில் கவனக்குறைவால் இறந்தவற்றுக்கும் அவர் பொறுப்பாகிறார். குட்டி இழப்பின் பெரும்பகுதி முதல் இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். அந்த வயதில் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, பால் செரிக்காத குட்டி பிழைக்காது. ஆகவே 14-ஆம் நாள் உயிரோடிருக்கும் குட்டிகளின் எண்ணிக்கைதான் கணக்கு என்று நான் எழுதச் சொல்வேன். அதற்கு ஆதாரம் வேண்டும். பிறந்த உடனே ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் வேறு வேறு நிற நூல் கட்டி, சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி, அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். பிறகு தினமும் ஒரு முறை எடை. எடை ஏறாமல் நிற்கும் குட்டிதான் முதலில் போகும் குட்டி. ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் காப்பாற்றவும் வழியுண்டு.

அந்த 14-ஆம் நாள் எண்ணிக்கையை வைத்துப் படி அமையுங்கள். நான்கும் அதற்கு மேலும் இருந்தால் அவருக்கு ஒரு குட்டி. இரண்டோ மூன்றோ இருந்தால் முதல் தேர்வு பெட்டைக்காரருக்கு, இரண்டாவது அவருக்கு. ஒன்றே ஒன்று என்றால் குட்டி பெட்டைக்காரருக்கு, ஆண் நாய்க்காரருக்குக் கட்டணத்தில் பாதி பணமாக. ஒன்றும் இல்லையென்றால் அடுத்த பருவத்தில் மறுசேர்க்கை. ஒற்றைக் குட்டி ஈற்றில் குட்டி பெருத்து அறுவை சிகிச்சை வரை போவதுண்டு. அந்தச் செலவு முழுவதையும் தாங்கியவரிடமிருந்து இருக்கும் ஒரே குட்டியையும் வாங்கிப் போவது எந்தக் கணக்கிலும் சேராது. எண்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எண்களாகவே இருக்கட்டும். "பார்த்துச் செய்துகொள்ளலாம்" என்ற வரி ஒப்பந்தத்தில் வரக் கூடாது.

முதல் தேர்வு அவருக்கு என்றால், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; ஒரு பெண் எனக்கு என்று நீங்கள் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வதில் தவறில்லை. தேர்வு ஏழாவது வாரத்தில் நடக்கட்டும். அதற்கு முன் உடலமைப்பும் சுபாவமும் பிடிபடாது. ஆண் குட்டியாக இருந்தால் இரு விதைகளும் பையில் இறங்கிவிட்டனவா என்று அப்போது தடவிப் பார்க்கலாம். எட்டாவது வாரம் முடிந்து ஏழு நாளுக்குள் அவர் எடுத்துச் செல்லாவிட்டால் தேர்வுரிமை போய்விடும், அதற்கு மேல் தீவனச் செலவு அவருடையது. அதுவரை குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் உங்கள் செலவு. தேர்ந்தெடுத்த குட்டி கைமாறும் முன் இறந்தால், மிஞ்சியவற்றில் அடுத்தது. எல்லாம் விற்றுப்போயிருந்தால் கட்டணம் பணமாக.

இன்னும் ஒன்று, கேட்கச் சங்கடமானது. பருவம் முடியும்வரை பெட்டை வேறு ஆண் நாயோடு சேராமல் அடைத்து வைப்பது உங்கள் பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும். தோட்டத்து வேலி நாய்க்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரே ஈற்றில் இரண்டு தந்தைகளின் குட்டிகள் பிறக்க முடியும். ஐயம் வந்தால் டி.என்.ஏ. பரிசோதனை தீர்த்துவிடும். கேட்பவர் செலவு செய்வது, முடிவு அவர் சொன்னபடியே வந்தால் மற்றவர் அந்தத் தொகையைத் திருப்பித் தருவது என்று வைத்துக்கொண்டால் வீண் சந்தேகத்துக்கு யாரும் பணம் கட்ட மாட்டார்கள்.

மூத்த பெட்டையின் குட்டிகளுக்கு ஆறாவது வாரத்தையொட்டித் தடுப்பூசி தொடங்கும் நாள் வருகிறது. மருத்துவரிடம் கொண்டுபோகும்போது நண்பரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். இரண்டு குட்டிகளையும் அவர் நேரில் பார்க்கட்டும். மேலே சொன்ன மூன்று வழிகளையும் அங்கேயே எடுத்து வையுங்கள். பதிவுப் படிவம் உங்கள் பையில் இருக்கட்டும்.